பண்பாட்டுக் கலயம்

பிளாஸ்டிக் மாவிலையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பச்சைப் பசேலென்று, நரம்பெல்லாம் அச்சடித்து, ஓரத்தில் வார்ப்பின் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்லாந்தில் மாமரம் வளர்ப்பது பெரும்பாடு, ஒப்புக்கொள்கிறேன். இலை கிடைக்கவில்லை என்றால் இல்லையென்று விட்டுவிடலாமே! இந்தப் பிளாஸ்டிக்கைத் தோரணமாகக் கோத்து, கழுவிக் கழுவி எத்தனை வருடமும் வைத்திருக்கலாம் என்று அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். மாவிலை என்றால் வாட வேண்டும். வாடியதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். வாடாத மாவிலைக்கும் காரின் கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் குணம் இப்படித்தான். எனக்கு எல்லாமே சீக்கிரம் குமட்டும். கோயில் திருவிழாவில் ஓடும் லேசர் விளக்கு, கல்யாண மண்டபத்தில் புகை கக்கும் இயந்திரம், பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் படம் பிடிப்பது, எல்லாம். மகனிடம் சொன்னால் ஆங்கிலத்தில் 'ரிலாக்ஸ் அம்மா' என்பான். அந்த 'ரிலாக்ஸ்' இன்னும் குமட்டும்.

அதனால்தான் எனக்கு வாசகர் வட்டம் தேவைப்பட்டது. மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு சமூக மண்டபம் இருக்கிறது. ஞாயிறு நாலு மணிக்கு அங்கே கூடுவோம். வட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். பாட்மிண்டன் கோடு போட்ட அந்தப் பெரிய தரையின் நடுவில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தால் ரயிலைத் தவறவிட்டவர்கள் போல இருப்போம். ஆனால் வாரத்தில் ஒரு தடவை, வீட்டு மோர்ட்கேஜும் விசாவும் பற்றியல்லாமல், தொடங்கிய வாக்கியத்தைத் தமிழிலேயே முடிக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், நானும் இன்னொருவரும் யாழ்ப்பாணம். அவர்கள் பேசுவார்கள், நாங்கள் கதைப்போம். நடுவில் சண்டையும் பிடிப்போம். எனக்கு அது சாப்பாடு மாதிரி.

அந்தச் சாப்பாட்டுத் தட்டில்தான் கை வைத்தார்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடி உடம்பு குறைக்கும் வகுப்பு ஒன்று திடீரென்று பெருத்துவிட்டது. அவர்கள் ஆடிக்கொண்டிருந்த பள்ளிக்கூட ஜிம்மைப் பழுதுபார்க்க மூடிவிட்டார்கள். மண்டபத்தில் எங்களுக்குப் பின்னால் தற்காலிகமாக ஒரு நேரம் கொடுத்தார்கள், அது அவர்களுக்குத் தோதுப்படவில்லை. பிள்ளைகளுக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம், நாலு மணிதான் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அறைகளையெல்லாம் தேவாலயக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். மண்டபத்தின் மேலாளர் ஒரு சமோவாப் பெண், நேர்மையானவர். "இரண்டு தரப்பும் ஒவ்வொரு திறந்த நிகழ்ச்சி நடத்துங்கள். நான் வந்து பார்க்கிறேன். யாருக்கு அதிகம் ஆள் வருகிறதோ அவர்களுக்கு நாலு மணி," என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வட்டத்தைத் தொடங்கியவர் சென்னைக்காரர். கணினித் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தலைவர் என்று நாங்களே சூட்டிய பட்டம் அவருக்கு. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், எண்ணிக்கையில நாம ஜெயிக்க முடியாது. தரத்துல ஜெயிக்கணும். நீங்க பேசுங்க. வெயிட்டா ஒரு தலைப்பு எடுங்க. அந்த மேனேஜரம்மா கேட்டதும் அசந்துடணும்."

"அவவுக்குத் தமிழ் விளங்காது ஐயா."

"அதனாலதான் தலைப்பு வெயிட்டா இருக்கணும்கிறேன்."

என்னிடம் ஒரு தலைப்பு இருந்தது. அதைத் தந்தவள் என் தோழி.

நான் பக்குரங்காவில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். அவளும் அங்கேதான். ஜப்பான்காரி, என் வயதுதான். கியோட்டோவில் படித்தவள், ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவள். அவளுடைய ஆராய்ச்சி என்னவென்றால், போன நூற்றாண்டின் முற்பகுதியில் அவளுடைய நாடு தலைதெறிக்க நவீனமானபோது அங்கே படித்தவர்கள் எப்படி முகம் சுளித்தார்கள் என்பது. இதைக் கேட்டதுமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பிளாசாவின் உணவுக்கூடத்துக்குப் போவோம். அதைப் போல எனக்கு அருவருப்பான இடம் இன்னொன்று கிடையாது. எண்ணெய்ப் புகை, ஒட்டும் மேசை, கறுப்புக் கண்ணாடி போட்ட கோழி ஒன்று தன் சொந்தக் காலையே வறுத்து நீட்டிக்கொண்டு ஆடும் திரை. அங்கே உட்கார்ந்து நாங்கள் இருவரும் நாகரிகம் கெட்டுப்போனதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவோம். ஒரு நாள் அவள் சொன்னாள், அந்தக் காலத்தில் கஃபேக்களைத் திட்டி எழுதியவர்களில் பாதிப் பேர் கஃபேயில் உட்கார்ந்துதான் எழுதினார்களாம். நான் சிரிக்கவில்லை. கையில் கோழிக்கால் இருந்தது.

எத்தனையோ மதியங்களில் அவள் சொன்னதையெல்லாம் சேர்த்தால் கதை இதுதான். ஒரு பெரிய நிலநடுக்கத்தில் தலைநகரம் விழுந்தது. எழுந்தபோது அது வேறு ஊர். வீதியெல்லாம் கஃபே, சினிமாக் கொட்டகை, வானொலி. கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு தனியாக நடந்துபோகும் பெண்கள். மலிவு விலைக்குத் தொகுதி தொகுதியாக விற்ற புத்தகங்களை வாங்கி அலமாரியில் அடுக்கி, வாசிக்காமலே அறிவாளியாகும் குடும்பங்கள். முன்பெல்லாம் பெரிய கடைகளுக்குள் போவதானால் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு காலில் போட்ட சப்பாத்தோடே உள்ளே வரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம் மொய்த்தது.

படித்தவர்களுக்கு இது தாங்கவில்லை. சிலர் பழைய வீட்டுக்குள், பழைய பாத்திரங்களுக்குள் போய்ப் புகுந்துகொண்டார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவைத் திட்டினார்கள். சிலர் இது முதலாளிகள் செய்யும் மயக்க வேலை என்றார்கள். ஒரு சிலர் மட்டும் தெருமுனையில் நின்று, போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று முகம் சுளிக்காமல் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எனக்கு முகம் சுளித்தவர்கள்தான் வேண்டும். கடல் தாண்டி, காலம் தாண்டி, எனக்குக் கிடைத்த சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்படியொரு மதியத்தில்தான் அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். எல்லாவற்றிலும் அந்த அறிவாளிகளுக்கு ஆறாத புண்ணாகிப்போனது 'பண்பாட்டுக் கலயம்' போன்ற விஷயங்கள்தான் என்றாள். ஆங்கிலத்தில் அவள் சொன்னது 'கல்ச்சர் பாட்'. மேற்கொண்டு அவள் ஏதோ விளக்கினாள். அதே நேரம் அந்தக் கோழி பாடத் தொடங்கிவிட்டது, பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதி எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு பழைய மண் கலயத்தை நான் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். தேநீர்ச் சடங்குக்குரியது, தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்தது, நவீனம் வந்து உடைத்துப் போட்டது. அவர்கள் அழுதது அதற்காகத்தான்.

தலைவரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பண்பாட்டுக் கலயம்! மேடம், இதுதான் தலைப்பு. நம்ம பூரண கும்பம் மாதிரியே இல்ல? பாருங்க, அவங்களுக்கும் நமக்கும் எவ்வளவு ஒத்துமை!"

உடனே துண்டுப் பிரசுரம் தயாரானது. நடுவில் கும்பம், அதன் மேல் தேங்காய், பின்னால் ஜப்பானுக்கென்று ஓர் எரிமலை. மேலே 'பண்பாட்டுக் கலயம்: ஜப்பானியச் சிந்தனையாளர்கள் காட்டும் பாதை'. தேங்காய்க்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மேடை என்னுடையது, மயக்கம் எனக்கும் இருந்தது.

அந்த ஞாயிறு மழை ஊற்றியது. மண்டப வாசலில் தலைவர் ஒரு மேசை போட்டிருந்தார். எங்கள் ஊரில் நிறைகுடம் வைப்போமே, அதுதான் திட்டம். தோரணமாக அந்தப் பிளாஸ்டிக் மாவிலை. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று ஓர் அறிவிப்பு. என் தோழியும் வந்திருந்தாள். தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் தன் பாதி ஆராய்ச்சி மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். சூப்பர் மார்க்கெட் பையில் எதையோ கனமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீ கலயத்தைப் பற்றிப் பேசுகிறாய் அல்லவா, பார்வையாளர்களுக்குக் காட்ட என்னுடையதைக் கொண்டுவந்தேன்," என்றாள்.

நான் உள்ளே மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டேன். பையை வாங்கியவர் தலைவர். நான் திரும்பி வந்தபோது மேசை அலங்காரம் முடிந்திருந்தது. அரிசி பரப்பிய தட்டு, அதன் மேல் ஒரு பாத்திரம், பாத்திரத்தின் வாயில் தேங்காய், சுற்றிலும் பிளாஸ்டிக் இலை. பாத்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, போதாததற்கு மூன்று கோடு திருநீறும் பூசியிருந்தார். மண் கலயம் இல்லை. அலுமினியச் சட்டி. இரண்டு பக்கமும் கைப்பிடி, உயர்ந்த விளிம்பு, அடியில் கரி பிடித்த தடம்.

என் தோழி அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாக என்னைக் கேட்டாள்.

"என் சோற்றுச் சட்டியின் மேல் ஏன் தேங்காய் இருக்கிறது?"

மழை இரைச்சலில், வாசலில் நின்றபடியே, அவள் எனக்கு விளக்கினாள். அன்று உணவுக்கூடத்தில் எனக்குக் கேட்காமல் போன பாதி அது. நாடு நவீனமானபோது 'பண்பாடு' என்ற சொல் ஒரு மோகமாகிவிட்டதாம். பண்பாடு என்றால் புதுசு, வசதி, நாகரிகம். முதலில் கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டைப் பண்பாட்டு வீடு என்று விற்றார்கள். பிறகு காய்கறியும் இறைச்சியும் சேர்த்து நறுக்கும் கத்தி, பண்பாட்டுக் கத்தி. போருக்குப் பிறகு, பொங்கி வழியாமல் சோறு வடிக்கும் இந்த அலுமினியச் சட்டி, பண்பாட்டுச் சட்டி. ஆன்மாவின் விளைச்சல் என்று அந்த அறிவாளிகள் கொண்டாடிய சொல்லைக் கடைக்காரர்கள் எடுத்து விலைச்சீட்டு மாதிரி எதிலும் ஒட்டிவிட்டார்கள். அவர்களுக்குக் குமட்டியது அதுதான். உடைந்துபோன கலயம் எதுவுமே இல்லை. விற்றுத் தீர்ந்த சட்டிதான் உண்டு.

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. எந்த மாதிரிச் சாமான்களைப் பார்த்து அவர்கள் காறித் துப்பினார்களோ அதில் ஒன்றுக்குத் திருநீறு பூசி, தேங்காய் வைத்து, வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயா, அது சாமிப் பாத்திரம் இல்லை. சோறு வடிக்கிற சட்டி."

"இப்ப எதுக்கு மேடம் அது? யாருக்குத் தெரியப்போவுது? இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு," என்றார்.

மண்டபத்துக்குள் வழக்கத்துக்கு மாறாக ஒரே கூட்டம். எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணம் சப்பாத்துகள் கண்ணில் பட்டன. வண்ண வண்ணமாய் ஓட்டச் சப்பாத்துகள். ஆட்ட வகுப்புப் பெண்கள். எங்களுக்குப் பின்னால் இருந்த தங்கள் வகுப்புக்கு, மழைக்குப் பயந்து தூரத்து வெஸ்ட்கேட் பக்கமிருந்தெல்லாம் நேரத்தோடு கிளம்பி வந்து, காரில் எவ்வளவு நேரம் இருப்பது என்று உள்ளே வந்து எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்பு அறிவிப்பை ஒருத்திகூடப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் கழற்றவில்லை. அவர்களை நடத்துபவள் கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி.யில் வேலை. அவள் மட்டும் எழுந்து வந்தாள்.

"அக்கா, மழையா இருக்கு, ஒரு ஓரமா உக்காந்துக்கறோம். சத்தம் போட மாட்டோம். உங்க புரோகிராம் கல்ச்சரல்ஸா?"

கல்ச்சரல்ஸ்! இந்தச் சொல்லை எவன் கண்டுபிடித்தானோ. ஆடினால் கல்ச்சரல்ஸ், பாடினால் கல்ச்சரல்ஸ், பிரியாணி போட்டால் அதுவும் கல்ச்சரல்ஸ். அந்த நேரத்தில் எனக்கு அந்த ஜப்பானியக் கடைக்காரர்களே தேவலாம் என்று தோன்றியது.

பேசினேன். சட்டியைப் பற்றிய உண்மையை முதலிலேயே சொன்னேன். முன்வரிசையில் இருந்த எங்கள் ஏழு பேரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் கூரையைப் பார்த்தார். பிறகு கஃபேக்களையும் சினிமாவையும் வாசிக்காத புத்தக அலமாரியையும் பற்றிச் சொன்னபோது முன்வரிசை உயிர்பெற்றது. 'அதேதான்', 'இங்கேயும் அதேதான்' என்று தலையை ஆட்டினார்கள். ஒருவர் பின்னால் திரும்பி அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தபடியே கை தட்டினார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. அருவருப்பைச் சேர்ந்து அனுபவிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, ஊர்வம்பு மாதிரி.

கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. முகம் சுளித்தவர்களில் பலர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை. போர் வந்தபோது அவர்களில் சிலருக்கு ஒருவித நிம்மதி வந்தது. மேற்கிலிருந்து வந்த இந்தக் குப்பையையெல்லாம் அது அடித்துக்கொண்டு போகும் என்றார்கள். போருக்கு நடுவிலேயே சில படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, நவீனத்தைத் தாண்டிப் போவது எப்படி என்று கனமான சொற்களில் பேசினார்கள். சப்பாத்துக்கும் பாட்டுக்கும் முகம் சுளித்த மனிதர்களுக்குக் குண்டு மட்டும் குமட்டவில்லை.

சொல்லி முடித்துக் கேள்விகளுக்கு நின்றேன். பின்னாலிருந்து அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் கையை உயர்த்தினாள்.

"அக்கா, ஒரு டவுட். அந்த முடிய வெட்டிக்கிட்ட பொண்ணுங்க இருக்காங்கல்ல, அவங்க என்ன சொன்னாங்க? இவங்கள்லாம் இப்படித் திட்டும்போது?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றியதில்லை. தோழியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள்.

"பெண்களும் எழுதினார்கள். பதில்கூடச் சொன்னார்கள். என் பேராசிரியர்கள் அதை வாசிக்கச் சொல்லவில்லை, நானும் வாசிக்கவில்லை," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "போர் வந்ததும் கூந்தலைச் சுருட்டிக்கொள்வதே குற்றம் மாதிரி ஆனது. ஆடம்பரம்தான் எதிரி என்று பெண்களைத் தெருவில் நிறுத்திப் புத்தி சொன்னார்கள். பிறகு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பிறகு நகரம் எரிந்தது."

நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் தலைவர் நன்றியுரைக்கு எழுந்தார்.

"மேடம் அருமையா சொன்னாங்க. இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. ஒரு பெரிய அடி விழுந்தாத்தான் ஜனங்க திருந்துவாங்க. அங்க நடந்த மாதிரி ஒரு சுத்தம் நம்ம சமூகத்துக்கும் தேவைப்படுது."

முன்வரிசை கை தட்டியது. எல்லோரும் அல்ல, ஆனால் தட்டியது.

சுத்தம். அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில், இது ஒரு பெரிய சுத்திகரிப்பு என்று மேடையில் முழங்கிய ஒரு படித்த மனிதர் இருந்தார். நல்ல தமிழ், கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய பிள்ளைகள் அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பங்கர் குழிக்குள் குந்தியிருந்தோம். என்னோடு பள்ளிக்கூடத்தில் ரிப்பன் கட்டி, சினிமாப் பாட்டு முணுமுணுத்துத் திரிந்த ஒருத்தி அந்தச் சுத்தத்தில்தான் போனாள். அவள் முணுமுணுத்த பாட்டும் மட்டமான பாட்டுத்தான். அவள் இருந்திருந்தால் இன்றைக்கும் நான் அதைத் திட்டிக்கொண்டிருப்பேன், அவள் பாடிக்கொண்டிருப்பாள்.

மைக் இன்னும் என் கையில் இருந்தது.

"ஐயா, நீங்கள் எப்பவாவது குண்டு விழுந்து பாத்திருக்கிறீங்களோ?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது மேடம்."

"ஓம். எல்லாரும் பேச்சுக்குத்தான் சொல்லுறவை."

அவர் முகம் சிவந்தது. அதற்குள் கதவு திறந்து மேலாளர் உள்ளே வந்தார். குடையை மடித்தபடி மண்டபத்தைப் பார்த்தார். நிரம்பி வழியும் நாற்காலிகள். அவர் கண்களில் வியப்பு தெரிந்தது. தலைவர் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. கைகளை விரித்து, "எல்லோரும் எங்கள் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்," என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

கோயம்புத்தூர்ப் பெண் வாயைத் திறந்தாள். பெரியவர் சொல்லும்போது எப்படி மறுப்பது என்று நினைத்தாளோ என்னவோ, மூடிக்கொண்டாள். பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாலு மணி எங்களுடையது. வட்டம் பிழைத்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறும் நான் இங்கே வந்து, தொடங்கிய வாக்கியத்தைத் தமிழில் முடிக்கலாம்.

யாரோடு முடிப்பது? சற்றுமுன் கை தட்டிய இந்தக் கைகளோடு. திட்டித் தீர்த்த பெண்களையே தலையெண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டு, அவர்களைத் துடைத்தெறிய ஒரு சுத்தம் வேண்டும் என்ற அதே வாயோடு. எனக்கு வயிறு புரண்டது. பிளாஸ்டிக் மாவிலைக்குப் புரள்வது மாதிரி அல்ல. நிஜமாகவே தொண்டை வரை வந்தது.

"இல்லை," என்றேன் மேலாளரிடம். "அவர்கள் ஆட வந்தவர்கள். மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் முன்வரிசை மட்டும்தான்."

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெண்கள் மேல் எனக்கு அப்போதும் பாசம் எதுவும் பொங்கவில்லை. மேலாளர் முன்வரிசையைப் பார்த்துத் தலையசைத்தார், எனக்கு நன்றி சொன்னார், போய்விட்டார். நாங்கள் நாற்காலிகளை மடித்து முடிப்பதற்குள் பாட்டு அலறத் தொடங்கியது. காது கூசும் வரிகள். 'கலக்கு' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு முழுப் பாட்டு. சப்பாத்துகள் ஒன்றாகத் தரையில் விழ, பாட்மிண்டன் கோடுகள் அதிர்ந்தன. தலைவர் என்னிடம் ஒன்றும் பேசாமல் தோரணத்தைக் கழற்றி மடித்து, அடுத்த தடவைக்கென்று பையில் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை என்று ஒன்று இனி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

என் தோழி தேங்காயை எடுத்து என் கையில் தந்துவிட்டுத் தன் சட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் உணவுக்கூடத்தில் சொன்னாள், எவ்வளவு தேய்த்தும் சந்தன மணம் போகவில்லையாம், சோறு கோயில் மாதிரி மணக்கிறதாம். கணவர் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாராம்.

எங்களுக்கு மிஞ்சிய பின் நேரத்துக்கு வர யாரும் தயாராக இல்லை, வட்டம் அதோடு முடிந்தது. மாற்று இடம் தேடலாம் என்று வாட்ஸப்பில் ஓரிருவர் எழுதினார்கள். பிறகு காலை வணக்கப் பூக்கள் மட்டும் வந்தன, அப்புறம் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். மகன் மேல்மாடியில் யாரோடோ ஆங்கிலத்தில் கத்தி விளையாடுவான்.

போன வாரம் கோயம்புத்தூர்ப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. புதிய துண்டுப் பிரசுரம். அதே கும்பம், அதே தேங்காய், எரிமலை மட்டும் இல்லை, அந்த இடத்தில் காலைத் தூக்கிய ஒரு பெண்ணின் நிழலுருவம். கீழே 'ஞாயிறு நாலு மணி, சப்பாத்து கட்டாயம்' என்று ஆங்கிலத்தில். மேலே பெரிதாகத் தமிழில் வகுப்பின் புதிய பெயர்: 'பன்பாட்டு கலயம்'.

"அக்கா, உங்க டைட்டில் சூப்பரா இருந்துச்சு. எங்க கிளாஸுக்கு வச்சுக்கிட்டோம், தப்பா நினைக்காதீங்க," என்று ஒரு குரல்பதிவும் வந்திருந்தது.

தோழியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீடு, கத்தி, சட்டி, இப்போது ஆட்டம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பண்பாட்டுக்கு ரெண்டு சுழி 'ன' போட்டிருக்கிறார்கள். நடுவில் 'க்' இல்லை. ஏழெட்டுப் பேரும் அத்தனை ஞாயிறும் உட்கார்ந்து சண்டை பிடித்ததெல்லாம் இந்த மாதிரி எழுத்துகளுக்காகத்தான். உடனே எழுதினேன்: மூன்று சுழி 'ண்' வர வேண்டும், 'பண்பாட்டுக் கலயம்' என்று 'க்' சேர்க்க வேண்டும்.

பதில் குரலாகத்தான் வந்தது.

"அய்யோ அக்கா, தேங்க்ஸ்! ஆனா டீ-ஷர்ட்ல ஏற்கனவே பிரிண்ட் பண்ணிட்டோம். உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். மீடியமா, லார்ஜா?"

இன்னும் பதில் எழுதவில்லை. எழுத்துப் பிழையோடு பண்பாட்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு 'கலக்கு' பாட்டுக்குக் குதிப்பதை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஆனால் ஞாயிறு நாலு மணிக்குத் தமிழ் கேட்கிற இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.